தீயிற் சுட்ட கணக்கேடுகள்



எழுத்தறிவித்தலையே தொழிலாகக் கொண்டு இருபது ஆண்டுகளைக் கழித்துவிட்ட ஒருவன், ஒருநாட் காலையில் எழுத்தறியாதவனாகப் பஸ் நிலையமொன்றில் நிற்க நேர்ந்தால் எப்படியிருக்கும்? அந்த அநுபவம் எனக்கு மத்தியதரைக் கடலிலுள்ள கிறீற் தீவிலே வாய்த்தது.

ஜேர்மனியில் வாழும் என் தம்பி, குடும்பத்தோடு விடுமுறைக்குச் சென்றபோது என்னையும் அங்கு அழைத்துச் சென்றிருந்தான். பிள்ளைகளுக்குக் கடற்கரை போதுமாயிருந்தது. எனக்கோ பல்கலைக்கழக நாட்களில் நூல்களிற் படித்த குனோசஸ், பைஸ்தொஸ் என்னும் பெயர்கள் காதிலே ஒலித்துக்கொண்டிருந்தன.

"அண்ணை, பஸ்ஸிலையோ போகப்போறியள்? வெய்யிலுக்கை நிண்டு காயாமல் ஒரு காரை வாடகைக்கு எடுப்பம்" என்றான் தம்பி.

"வேண்டாமடா தம்பி. ஊரைப் பாக்கிறதெண்டால் பஸ்ஸிலை இருந்துதான் பாக்கவேணும்" என்றேன். ஒருநாட் கார் வாடகையை இலங்கைக் காசுக்கு மாற்றி மனத்துள் பெருக்கிப் பார்த்ததும் மற்றொரு காரணம் என்பதை மறைப்பானேன்!

ஹெராக்கிலியோன் நகரத்து நிலையத்திலே பல பஸ்கள் வரிசையாக நின்றன. எனக்கு வேண்டிய பஸ் எதுவென்று தெரியவில்லை. பலகைகளிலே இருந்தவை கிரேக்க எழுத்துகள். சீட்டு விற்ற பெண்மணி என் தவிப்பைக் கண்டு, ஒரு துண்டுக் கடுதாசியிலே பைஸ்தொஸ் என்று கிரேக்கத்தில் எழுதித் தந்தார். ஒரு வட்டம், அதனூடே மேலிருந்து கீழாக ஒரு கோடு, அதுதான் முதலெழுத்து. அந்தக் கடுதாசியைக் கையிற் பிடித்துக்கொண்டு, அரிவரி வகுப்புப் பிள்ளையைப் போல எழுத்தெழுத்தாகப் பலகைகளோடு ஒப்பிட்டுப் பார்த்து என் பஸ்ஸைக் கண்டுபிடித்தேன். ஊர்ப்பெயர் ஒன்று தெரிந்தால் எழுத்தைப் பிடிக்கலாம் என்பது அன்று நான் நேரிற் கண்ட உண்மை. இது சிறிய விடயம்போலத் தோன்றும். ஆயினும், இதே வழியாலேதான் அந்தத் தீவின் மூவாயிரத்து முந்நூறு ஆண்டு மௌனம் ஒன்று கலைந்தது. அதைச் சொல்ல முதல்நாட் பிரயாணத்திலிருந்து தொடங்கவேண்டும்.

கிறீற் கிழக்கு மேற்காக ஏறக்குறைய 260 கிலோமீற்றர் நீண்டு கிடப்பது. அகலம் மிகக்கூடிய இடத்திலும் 60 கிலோமீற்றர்தான். பரப்பிலே நமது இலங்கையின் எட்டிலொரு பங்கு. பெருநகரங்கள் வடகரையில் உள்ளன, நடுவே மலைத்தொடர். ஹோமர் தமது இலியட் காவியத்திலே இத்தீவின் நகரங்களை அடுக்கும்போது குனோசஸ், கோர்த்தின், பைஸ்தொஸ் ஆகிய மூன்றையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறார். வடக்கிலிருந்து தெற்காகத் தீவைக் குறுக்கறுத்துச் செல்லும் வழியிலே இம்மூன்றையும் கண்டுவிடலாம். என் திட்டமும் அதுவே.

குனோசஸ் நகரிலிருந்து 5 கிலோமீற்றர். இரண்டாம் இலக்க நகர பஸ் அங்கே போகின்றது. வீதியோரப் பெட்டிக்கடையிலே சீட்டை முன்னரே வாங்கிக்கொண்டு ஏறினேன். சாரதியின் தலைக்குமேலே கன்னி மரியாளின் படமும் மணிமாலையும் ஆடிக்கொண்டிருந்தன. நம்மூர் மினிபஸ்ஸிலே பிள்ளையார் ஆடுவதுபோலத்தான். சந்தைக்குப் போய்த் திரும்பும் முதிய பெண்கள் பைகளை மடியில் வைத்துக்கொண்டு உரத்துப் பேசினார்கள். இருபது நிமிடத்துக்குள் மாளிகை வாசலில் இறங்கிவிட்டேன்.

குனோசஸ் என்றதும் உலகம் சேர் ஆதர் இவான்ஸ் என்னும் ஆங்கிலேயரையே நினைக்கும். ஆனால் அங்கு முதலில் மண்ணைத் தோண்டியவர் உள்ளூர் வணிகர் ஒருவர். மீனோஸ் கலோகைரினோஸ் என்பது அவர் பெயர். தீவு துருக்கியர் ஆட்சியில் இருந்த 1878ஆம் ஆண்டிலே அவர் ஒரு களஞ்சியத்தையும் ஆளுயரத் தாழிகளையும் வெளிக்கொணர்ந்தார். 1898இல் நகரிலே மூண்ட கலவரத்தில் அவருடைய வீடு எரிந்தது. சேகரித்து வைத்திருந்த தொல்பொருள்களும் அகழ்வுக் குறிப்புகளும் அதனோடு போயின. தம் நூல்களையும் குறிப்புகளையும் வீட்டோடு பறிகொடுத்த மனிதரின் முகத்தை நான் புத்தகங்களிலே தேடவேண்டியதில்லை. நம் அயலிலேயே எத்தனையோ பேரை அறிவேன்.

இவான்ஸ் 1900ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் அகழ்வைத் தொடங்கினார். நிலத்தையே விலைக்கு வாங்கிவிட்டார். அரியணை இருந்த அறை, படிக்கட்டுகள், சுவரோவியங்கள், அடுக்கடுக்கான அறைகள் என்று வெளிப்பட்டவை உலகை வியக்கவைத்தன. கிரேக்கருக்கும் முற்பட்ட இந்நாகரிகத்துக்கு, பழங்கதை மன்னன் மீனோஸ் பெயரால் 'மினோவன்' என்று பெயரிட்டவரும் அவரே. அந்த மக்கள் தம்மை எப்பெயரால் அழைத்தனரோ!

ஆனால் இவான்ஸ் கண்டுபிடித்ததோடு நின்றுவிடவில்லை. மரத்தூண்கள் உக்கிப்போயிருந்த இடங்களிலே கொங்கிறீற் தூண்களை நிறுத்திச் சிவப்பும் கறுப்பும் பூசினார். இடிந்த மாடிகளைச் சீமெந்தினால் எழுப்பினார். சில செய்யாவிடின் மேற்றளம் விழுந்திருக்கும் என்பது உண்மையே. எனினும் எங்கே பழமை முடிகிறது, எங்கே இவான்ஸ் தொடங்குகிறார் என்பது இன்று பார்ப்பவனுக்குத் தெரியாது. ஓவியங்களின் கதை இன்னும் சுவையானது. சிதைந்த துண்டுகளைக் கொண்டு, குங்குமப்பூக் கொய்யும் நீலநிறச் சிறுவன் ஒருவனைத் தீட்டி முடித்தார்கள். பின்னாளில் நிக்கொலாஸ் பிளாதோன் என்னும் கிரேக்க அறிஞர் அத்துண்டுகளை மீண்டும் ஆராய்ந்தார். அது சிறுவன் அல்ல, குரங்கு! வாலின் துண்டையும் நீல நிறத்தையும் முன்னையவர்கள் பொருட்படுத்தவில்லை. இளவரசனைத் தேடியவர் கண்ணுக்குக் குரங்கும் பிள்ளையாகத் தெரிந்தது.

உல்லாசப் பயணிகள் சிவப்புத் தூண்களின் முன்னே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். நானும் எடுத்தேன். அழகாகத்தான் இருந்தது. ஆயினும் நெஞ்சின் ஓரத்திலே ஓர் உறுத்தல் இருந்துகொண்டேயிருந்தது. நமக்கு வேண்டிய பழமையை நாமே கட்டிக்கொண்டு, அதன் முன்னே நின்று பெருமைப்படுகிறோமோ என்னும் உறுத்தல் அது.

அன்று பிற்பகலே நகருக்குத் திரும்பித் தொல்பொருள் நூதனசாலைக்குச் சென்றேன். அங்கே பொன்னையும் ஓவியங்களையும் சுற்றிச் சனங்கள் கூடிநிற்க, ஒரு கண்ணாடிப் பேழைக்கு முன் மாத்திரம் எவருமில்லை. உள்ளே பனையோலை நறுக்குகள்போல் நீண்ட மண் ஏடுகள். நகத்தாற் கீறியதுபோன்ற சிறிய கோட்டெழுத்துகள். இவான்ஸ் குனோசஸிலே கண்டெடுத்த துண்டுகள் ஆயிரக்கணக்கானவை. இருவகைக் கோட்டெழுத்துகள் அத்தீவில் வழங்கியிருந்தன. பழையதைக் கோட்டெழுத்து 'அ' என்றும், பிந்தியதைக் கோட்டெழுத்து 'ஆ' என்றும் நாம் சொல்லிக்கொள்ளலாம்.

இந்த ஏடுகள் எவ்வாறு தப்பின என்பதைக் கவனியுங்கள். இவை சூளையிற் சுடப்பட்டவை அல்ல. பச்சை மண்ணிலே எழுதி, வெயிலில் உலரவைத்து, ஆண்டு முடிந்ததும் கரைத்து மறுபடி பிசைந்துகொள்ளும் தற்காலிகக் குறிப்புகள். மாளிகையை அழித்த பெருந்தீயே இவற்றைச் சுட்டு இறுக்கி நமக்குத் தந்தது. தீ படாதவை கரைந்துபோயின. சரியாகச் சுடப்படாத சில ஏடுகளை இவான்ஸ் ஒரு வீட்டிலே வைக்க, கூரை ஒழுகி அவை வெறும் சேறாகிப்போன துன்பமும் நடந்ததுண்டு.

அப்பேழையின் முன் நின்றபோது என் நினைவு வேறொரு தீக்குச் சென்றது. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் திகதி இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது நான் நடைபழகும் பிள்ளை. ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. ஐயா அதைச் சொல்லும்போதெல்லாம் வசனத்தை முடிக்கமாட்டார். மண்ணுக்கு நெருப்பு தாய். ஓலைக்கு நெருப்பு யமன். எந்தப் பொருளில் எழுதினார்கள் என்பதனாலேயே ஓரினத்தின் எழுத்து பிழைப்பதும் அழிவதும் தீர்மானமாகிறது என்றால், வரலாறு என்று நாம் பெருமையாகச் சொல்லும் பொருள் எவ்வளவு தற்செயலானது!

தீ காத்துத் தந்த அந்த எழுத்தை வாசித்தது யார்? இவான்ஸ் நாற்பது ஆண்டுகள் முயன்றும் இயலாமல் 1941இல் மறைந்தார். வழியைத் திறந்தவர் ஓர் ஆசிரியை. அலிஸ் கோபர் என்னும் அமெரிக்கப் பெண்மணி. கல்லூரியிலே நாள் முழுவதும் கற்பித்துவிட்டு, இரவிலே வீட்டு மேசையில் இந்த எழுத்துகளை எண்ணினார். யுத்தகாலக் கடுதாசித் தட்டுப்பாட்டில், பழைய வாழ்த்து மடல்களையும் கண்ட கண்ட தாள்களையும் துண்டுகளாக வெட்டி, அவற்றிற் குறிப்பெடுத்து, சிகரெட் பெட்டிகளிலே அடுக்கினார். அத்துண்டுகள் ஏறக்குறைய 1,80,000. 1950இல், 43ஆவது வயதில், விடை காணாமலே இறந்தும்போனார்.

அவர் கண்டதைத் தமிழ் நேயர்களுக்கு விளக்குவது எளிது. 'கல்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வேற்றுமை ஏற்கும்போது கல்லை, கல்லால், கல்லில் என்று வரும். லை, லா, லி என்று உயிர்மெய் மாறினாலும் அடியிலே நிற்கும் மெய் ஒன்றுதான். நமது எழுத்திலே இவற்றின் உருவங்கள் உறவுகாட்டும். அந்த எழுத்திலோ லகர வரிசைக்குள்ளும் ஒவ்வொன்றும் வெவ்வேறு உருவம். ஆயினும் ஒரே அடிச்சொல் முறையாக ஈறு மாறி வருவதைக் கண்டால், ஒலி தெரியாமலே 'இவை ஒரே மெய்யின் பிள்ளைகள்' என்று சொல்லிவிடலாமன்றோ? அதைத்தான் கோபர் நிறுவினார். எந்த மொழி என்று அவர் ஊகிக்கவே மறுத்தார். எண்ணினார், ஒப்பிட்டார், தெரிந்ததற்குமேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அவ்வழியைத் தொடர்ந்தவர் மைக்கல் வென்ரிஸ். தொழிலாற் கட்டடக் கலைஞர். 1936இலே, தமது 14ஆவது வயதில், கண்காட்சியொன்றில் முதியவர் இவான்ஸைக் கண்டபோது பற்றிய ஆசை அவரை விடவேயில்லை. எழுத்துகளை மெய்வரிசை, உயிர்வரிசை என்று கட்டமாக அடுக்கினார். நமது பாலபாட அட்டையிலுள்ள உயிர்மெய்க் கட்டத்தைப்போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னர், திரும்பத்திரும்ப வரும் சில சொற்கள் தீவின் ஊர்ப்பெயர்களாக இருக்கலாமோ என்று பார்த்தார். கொ-நொ-சொ: குனோசஸ். அ-மி-நி-சொ: அதன் துறைமுகமான அம்னிசொஸ். தனி மெய்க்குப் புள்ளி வைக்கும் வழக்கம் அவ்வெழுத்தில் இல்லை; ஆகவே மெய்யும் உயிரேறியே நிற்கும். பூட்டுத் திறந்ததும் உள்ளேயிருந்து வந்த மொழி அவர் எதிர்பாராதது. எத்துருஸ்க மொழியோடு உறவுடையதாக இருக்கும் என்று பல காலம் நம்பியிருந்தவர், வந்தது பழங்கிரேக்கம் என்று கண்டதும் தம் நம்பிக்கையை விட்டுவிட்டார். 1952ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் திகதி உலகுக்கு அவர் அதனை அறிவித்தது எங்கே தெரியுமா? பி.பி.சி. வானொலி உரையொன்றிலே! வானொலி இலக்கிய நேயர்களாகிய நமக்கு அதில் ஒரு தனி மகிழ்ச்சி உண்டு.

சரி, வாசித்ததும் என்ன கிடைத்தது? காவியமா, பாடலா? இல்லை. வெறுங் கணக்கு. செம்மறி ஆடுகள், கம்பளி, எண்ணெய், தானியம். குனோசஸ் ஏடுகளில் எண்ணப்பட்ட ஆடுகள் ஏறக்குறைய ஓர் இலட்சம். ஏமாற்றமாக இருக்கிறதல்லவா? எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் அவற்றுள் சில ஏடுகள் உழவெருதுகளின் பெயர்களைச் சொல்கின்றன. கறுப்பன், வெண்காலன் என்னும் பொருளுடைய பெயர்கள். மதுநிறத்தான் என்றும் ஒன்று. அதே சொல்லைத்தான் பின்னாளில் ஹோமர் கடலுக்கு அடைமொழியாக்கினார். நம் கமக்காரர் மயிலை, கறுவல் என்று மாட்டை அழைப்பதை அறிந்தவர்களுக்கு இந்தக் கணக்கேடு வறண்டதாகத் தோன்றாது. எங்கோ ஒரு கணக்குப்பிள்ளை, மாட்டை எண்ணால் எழுதாமற் பெயரால் எழுதியிருக்கிறான்.

மறுநாள், நான் முதலிற் சொன்ன அந்தக் கடுதாசித் துண்டோடு தெற்கே புறப்பட்டேன். 60 கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான தூரம். ஒன்றரை மணி நேரம். நகரம் கழிந்ததும் திராட்சைக் கொடிகளும் ஒலிவ மரங்களும் மாறிமாறி வந்தன. பஸ் வளைந்து வளைந்து மலையேறியது. வலப்பக்கத்திலே 2,456 மீற்றர் உயரமுடைய சிலோரித்திஸ் மலை. பழங்கதைகள் சொல்லும் ஐடா மலை அதுவே. மேட்டைக் கடந்து பஸ் கீழிறங்கியபோது மெசாரா சமவெளி விரிந்தது. மலைநாட்டைத் தாண்டிச் சட்டென்று வயல்வெளியைக் கண்டவனின் ஆறுதல் எனக்கு.

பாதிக்குமேல் வந்ததும் கோர்த்தினில் இறங்கிக்கொண்டேன். உரோமர் காலத்தில் கிறீற்றுக்கும் வட ஆபிரிக்காவின் சிரேனைக்காவுக்கும் சேர்த்துத் தலைநகராயிருந்த ஊர். வீதியோரத்திலேயே இடிபாடுகள். அங்குள்ள சிறு அரங்கின் பின்சுவரிலேதான் புகழ்பெற்ற சட்டக் கல்வெட்டு இருக்கின்றது. கி.மு. 5ஆம் நூற்றாண்டின் முற்பாதியைச் சேர்ந்தது. 12 பத்திகள், 600க்கு மேற்பட்ட வரிகள். உரோமர் அரங்கு கட்டியபோது பழைய கற்களை எடுத்துச் சுவரில் வைத்துவிட்டார்கள்; அதனால் அவை தப்பின. 1884ஆம் ஆண்டில் பெதெரிக்கோ ஹல்பேர் என்னும் இத்தாலியர், ஓர் ஆலையின் நீர்க்கால்வாய்க்குள் இச்சுவரைக் கண்டுபிடித்தார்.

இக்கல்வெட்டின் ஒரு வரி இடமிருந்து வலம் ஓடும். அடுத்த வரி வலமிருந்து இடம் திரும்பும். 'எருது திரும்புமாறு' என்பதே இம்முறைக்குக் கிரேக்கர் இட்ட பெயர். உழவன் படைசாலின் முடிவில் ஏரைத் திருப்பி மறுசால் ஓட்டுவதைப் போல எழுதினார்கள். வெண்காலனும் கறுப்பனும் இங்கே எழுத்தாகி நடக்கின்றன என்று எண்ணிச் சிரித்துக்கொண்டேன்.

சட்டம் பேசுவதோ வீட்டு விவகாரம். மணமுறிவு ஏற்பட்டால் மனைவி தான் கொண்டுவந்த உடைமையை மீளப் பெறுவாள். அதன் வருவாயிற் பாதியும், தான் நெய்த துணியிற் பாதியும் அவளுக்கு. மகனுக்கு இரண்டு பங்கென்றால் மகளுக்கு ஒன்று. மனைவியின் உடைமையைக் கணவன் விற்கவோ ஈடுவைக்கவோ கூடாது. அடிமைகளுக்கு இழைத்த குற்றத்துக்குத் தண்டம் மிகக் குறைவு என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது. அது நீதியின் பொற்காலம் அல்ல. ஆயினும் முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று தேசவழமை வகுத்த மண்ணிலிருந்து சென்ற எனக்கு, அந்தச் சுவர் அந்நியமாகத் தோன்றவில்லை. 'ஈடுவைக்கக் கூடாது' என்று கல்லில் வெட்டவேண்டி வந்ததென்றால், ஈடுவைத்தவர்கள் எத்தனை பேர் இருந்திருக்கவேண்டும்!

ஒலிவ மரநிழலில் நின்று அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் பைஸ்தொஸ் சேர்ந்தபோது நண்பகல். சமவெளியைப் பார்த்தபடி ஒரு குன்று, அதன்மேல் மாளிகை. இங்கே சிவப்புத் தூண் இல்லை. கொங்கிறீற் மாடி இல்லை. ஹல்பேரும் லூயிஜி பேர்னியேயும் 1900 முதல் அகழ்ந்தவர்கள். கண்டதைக் கண்டபடி விட்டுவைக்கவே பெரிதும் விரும்பினார்கள். அகன்ற படிக்கட்டு வானத்தை நோக்கி ஏறி, எதுவுமில்லாத இடத்தில் முடிகின்றது. நடுமுற்றத்திலே நின்றால் வடக்கே ஐடா மலை. காற்றின் ஒலியைத் தவிர வேறொன்றுமில்லை. 2025ஆம் ஆண்டில் இதனையும் குனோசஸையும் உள்ளிட்ட ஆறு மாளிகை நிலையங்கள் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டன.

இம்மாளிகையிலேதான் 1908இல் பேர்னியே அந்த மண் வட்டைக் கண்டெடுத்தார். விட்டம் 16 சென்ரிமீற்றர். இரு பக்கமும் சுருளாக, 45 வகைக் குறிகள் அச்சுக்குத்திப் பதிக்கப்பட்டுள்ளன. ஓடும் மனிதன், மீன், பறவை, இறகு சூடிய தலை. அதுபோல் இன்னொன்று கிடைக்கவில்லை. ஆகையால் ஒப்பிட வழியில்லை. கோபரின் முறைக்கு எண்ணிக்கை வேண்டும். ஒரேயொரு வட்டை வைத்துக்கொண்டு எதையும் நிறுவ இயலாது. ஆனால் எதையும் சொல்ல இயலும்! தம் மொழியே அதில் உள்ளதென்று நூலெழுதியவர் உலகெங்கும் உண்டு. நம்மவரிலும் சிலர், வாசிக்கப்படாத எந்த எழுத்தைக் கண்டாலும் 'இது தமிழே' என்று அவசரப்படுவதைப் பார்க்கிறோம். தமிழுக்கு அந்தப் பெருமை தேவையில்லை என்பது என் எண்ணம். அதுவும் ஒருவகைக் கொங்கிறீற்தான். நீலக் குரங்கை இளவரசனாக்கும் வேலை.

கோட்டெழுத்து 'அ' இன்றும் அப்படியே மூடிக் கிடக்கின்றது. பிந்திய எழுத்தோடு ஒத்த உருவங்களைக் கொண்டு ஏறத்தாழ ஒலிக்கலாம், பொருள் விளங்காது. கிடைத்தவை ஏறக்குறைய 1,400. எல்லாவற்றையும் கூட்டினாலும் ஏழாயிரத்துச் சொச்சம் எழுத்துகள். ஒரு மாணவனின் பயிற்சிக் கொப்பியிற் சில தாள்களுக்குள் அடங்கிவிடும். பைஸ்தொஸிலிருந்து 3 கிலோமீற்றரில் உள்ள அயா திரியாதாவிலே இவ்வெழுத்துடைய ஏடுகள் ஏறக்குறைய 150 கிடைத்தன. அவற்றுட் சிலவற்றின் முடிவிலே ஒரு சொல் வருகின்றது: கு-ரோ. அதன்பின் ஓர் எண். மேலே உள்ள எண்களைக் கூட்டிப் பார்த்தால் அந்த எண் வரும். ஆகவே கு-ரோ என்றால் 'மொத்தம்'. ஓவியமும் மாளிகையும் படைத்த அந்த மக்களின் வாயிலிருந்து ஐயமின்றி நாம் பொருளறிந்த சொல் ஏறக்குறைய இது ஒன்றே. கி-ரோ என்று இன்னொரு சொல் உண்டு. 'நிலுவை' என்று கருதுகிறார்கள்.

பிற்பகல் பஸ்ஸைத் தவறவிட்டால் இரவு தங்கவேண்டி வரும் என்ற பயத்தினால் நேரத்தோடே தரிப்பிடத்துக்கு வந்து நின்றேன். மொத்தமும் நிலுவையும் என் மனத்திலே சுற்றிக்கொண்டிருந்தன. காரணம், எங்கள் வீட்டிலும் வாசிக்கப்படாத ஏடு ஒன்று கிடந்தது.

1995 ஒக்ரோபர் இடப்பெயர்வின்போது வீட்டை விட்டுப் போன நாங்கள், அடுத்த ஆண்டு திரும்பி வந்து பார்க்கையில் கூரை இல்லை. அப்புவின் வைத்திய ஏடுகளை மழையும் கறையானும் தின்றிருந்தன. தகரப் பெட்டிக்குள் இருந்த ஒரு தடித்த கொப்பி மாத்திரம் தப்பியது. அப்புவின் புகையிலைக் கணக்கு. "ஏடெல்லாம் போச்சு, இந்தக் கணக்கோ மிஞ்சவேணும்?" என்று ஐயா அதை மூலையிற் போட்டார். பதினாறு வயதான நானும் அப்படியே நினைத்தேன். பின்னர் தமிழ் படித்தேன், பட்டம் பெற்றேன், படிப்பிக்கிறேன், அதைத் திறக்கவேயில்லை. பற்று, வரவு, மேற்படி, ரூபாய் ஆகியவற்றுக்குரிய பழைய தமிழ்க் குறிகளாலும் தமிழ் இலக்கங்களாலும் அது நிறைந்திருந்தது. இன்றைய மாணவருக்கு அது கோட்டெழுத்து 'அ' தான். தமிழாசிரியனான எனக்குங்கூடச் சரளமாக வராது.

கிறீற்றிலிருந்து திரும்பியதும் அக்கொப்பியை எடுத்துத் தூசி தட்டி, கோபர் அம்மையாரை நினைத்துக்கொண்டு முதலிலிருந்து வாசித்தேன். எங்கள் குடும்பத்தில் ஒரு கதை உண்டு: 'அப்பு ஒருநாளும் கடன்படாத மனுசன், புகையிலை விற்ற காசிலேயே ஐயாவைப் பேராதனைக்கு அனுப்பிப் படிப்பித்தவர்.' அக்கதையை நான் கல்லூரி மலரொன்றிலே எழுதியுமிருக்கிறேன். கொப்பி வேறு சொல்கின்றது. ஐயா பல்கலைக்கழகம் புகுந்த ஆண்டில் புகையிலை நட்டம். அதற்கடுத்த பக்கத்தில் ஒரு வரி: ஆச்சியின் காப்புச் சோடி ஈடு, 300 ரூபாய். அதன்கீழே பேராதனைச் செலவு. கொப்பியின் கடைசித் தாள் வரை தேடினேன். மீட்ட கணக்கு எங்கும் இல்லை.

ஆச்சியின் கை வெறுமையாக இருந்ததை நான் அறிவேன். "காப்புப் போட்டால் வேலை செய்யேலாது மோனை" என்பார். அதை நாங்கள் நம்பியிருந்தோம்.

அடுத்த கல்லூரி மலருக்கு அந்தக் கதையைத் திருத்தி எழுதிக் கொடுத்துவிட்டேன். இப்போது உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு, பாடத்திட்டத்தில் இல்லாவிட்டாலும், பழைய தமிழ்க் கணக்குக் குறிகளை ஒரு பாடவேளையிலே கற்பிக்கிறேன். அவரவர் வீட்டுப் பெட்டிகளிலே கிடப்பதைக் கொண்டுவரச் சொன்னேன். உறுதிகள், சீட்டுக் கணக்குகள், மொய்க் கொப்பிகள் வரத் தொடங்கியுள்ளன. காவியங்கள் அல்ல. கூட்டிப் பார்க்கிறோம். மொத்தம் சில வேளைகளில் சரியாக வருகின்றது. நிலுவை எப்போதும் இருக்கின்றது.